ஆனித் திருவிழாவுக்கு அவளை வள்ளத்தில் ஏற்றாதே

மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. என் சுகத்தை ஒரு வரியில் விசாரித்துவிட்டு மிச்சம் முழுவதும் உன் பெண்சாதியைப் பற்றி எழுதியிருக்கிறாய். தலைமன்னாரால் கப்பலேறி இந்தியாவுக்குக் கோயில் கும்பிடப் போய்த் திரும்பியதிலிருந்து நிலம் ஆடுகிறது என்கிறாளாம். நின்றால் சுவரைப் பிடிக்கிறாளாம். படுத்தாலும் கட்டில் மிதக்கிறது என்கிறாளாம். ஆனால் பஸ்ஸில் ஏற்றினால் ஒரு குறையும் இல்லையாம், சன்னலோரம் இருந்து சிரித்துக் கதைத்துக்கொண்டு வருகிறாளாம். "உங்களிட்டைக் கேட்டுப் பழகினவள்போல கிடக்கு" என்று எழுத உன் கை கூசவில்லை. கடைசியாகத்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறாய். ஆனித் திருவிழாவுக்கு லீவு எடுத்து அவளைக் கூட்டிவரப் போகிறாய், நயினாதீவுக்கு வள்ளத்தில் கொண்டுபோய், எனக்குச் சுகமாக்கிய அதே நேர்த்திக்கடனை அவளுக்கும் செய்யப் போகிறாய், அதற்கும் சரிவராவிட்டால் காரைநகரில் தாய் வீட்டில் விட்டுவிட்டுத் தனியே கொழும்புக்குத் திரும்பப் போகிறாய். அந்த நேர்த்தி என்ன, எந்தப் பூசை என்று என்னிடம் விபரம் கேட்கிறாய்.

விபரம் தரமாட்டேன். அவளை வள்ளத்தில் ஏற்றாதே. இதை ஒரு வரியில் எழுதிவிட்டு நிறுத்தியிருப்பேன். ஆனால் நான் ஒரு வரியில் சொன்ன எதையும் இந்த வீட்டு ஆண்கள் இதுவரை கேட்டதில்லை. ஆகையால் நீளமாக எழுதுகிறேன். பொறுமையிருந்தால் வாசி.

உன் அப்பாவுக்கு நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்திலிருந்து வேலணைக்கு மாற்றம் வந்தபோது நீ சின்னவன். சாமான் சட்டியெல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு மோட்டார் வள்ளத்தில் வெளிக்கிட்டோம். சோளகக் காற்று முழு வீச்சில் அடித்துக்கொண்டிருந்த மாதம். "ரெண்டு நாள் பொறுத்துப் போவம்" என்று நான் சொன்னேன். திங்கட்கிழமை புதுப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வைக்கவேண்டும் என்று உன் அப்பா சொன்னார். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது. நங்கூரத்தைப் போட்டுவிட்டு, இன்னொரு வள்ளம் வந்து கட்டி இழுக்கும்வரை பகல் முழுக்க அலையில் கிடந்தோம். எல்லாரும் சத்தி எடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் வள்ளம் ஓடிய ஓட்டிகூட ஒரு தரம் விளிம்பில் குனிந்தான். நீ என் மடியை நனைத்தாய். எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. அலுமாரி சரியாமல் அதில் முதுகைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். "உங்கட அம்மா கடலுக்குப் பிறந்தவ" என்று அந்த ஓட்டி உன்னிடம் சொன்னான். எனக்கு அன்றைக்குப் பெருமையாகவும் இருந்தது.

வேலணைக்குத் தரைவழி தொடங்குகிற புங்குடுதீவுத் துறையில் காலை வைத்ததும் தொடங்கியது. முதலில், கடலில் போய் வந்தால் எல்லாருக்கும் வருகிறதுதானே என்று விட்டுவிட்டேன். மற்ற எல்லாருக்கும் அடுத்த நாளே போய்விட்டது. எனக்குப் போகவில்லை. தலைச்சுற்று என்று ஊரில் சொன்னார்கள். அந்தச் சொல்லே பிழை. ஒன்றும் சுற்றவில்லை. வீடும் மரமும் அதனதன் இடத்தில்தான் நின்றன. நான்தான் ஆடினேன். குசினிக்குள் அடுப்பண்டை நின்றால் குதிக்கால் பக்கம் நிலம் மெல்ல எழும்பும், பிறகு பதியும், திரும்ப எழும்பும். நடந்தால் சீமெந்துத் தரை பஞ்சு மெத்தை மாதிரி அமிழும். தலைமுழுகக் கண்ணை மூடினால் கிணற்றுக் கட்டைப் பிடிக்கவேண்டும். பாயில் படுத்தால் அந்தப் பகல் முழுக்கக் கிடந்த வள்ளத்தின் அடியில் படுத்த மாதிரியே இருக்கும். நாள் முழுக்க இப்படி ஆடிக்கொண்டு சோறு சமைத்து, உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, மாடு கன்று பார்த்திருக்கிறேன். எதையாவது நினைக்க வெளிக்கிட்டால் நினைவு பாதியில் நழுவிவிடும். ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு நிற்பேன். வெளியே பார்க்கிறவர்களுக்கு நான் சும்மா நிற்பது போலத்தான் தெரியும்.

உன் அப்பா என்னை யாழ்ப்பாணத்துக்கு டாக்குத்தரிடம் கூட்டிக்கொண்டு போனார். பஸ் வேலணையை விட்டு வெளிக்கிட்ட உடனே ஆட்டம் நின்றுவிட்டது. அத்தனை நாளுக்குப் பிறகு எனக்கு உடம்பு என்னுடையதாக இருந்தது. சந்தோஷத்தில் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கவேண்டும் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். டாக்குத்தரின் கதிரையில் போய் இருந்ததும் திரும்பவும் தொடங்கியது, முன்னதைவிடக் கூடுதலாக. அவர் கண் மடலை இழுத்துப் பார்த்து, இரத்தம் குறைவு என்று ஒரு தண்ணி மருந்தும் தலைச்சுற்றுக்குக் குளிசையும் எழுதித் தந்தார். குளிசை நித்திரை கொள்ள வைத்தது, ஆட்டத்தைத் தொடவில்லை. திரும்பி வரும்போது உன் அப்பா பஸ்ஸில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இப்ப எப்பிடி?"

"இப்ப ஒண்டுமில்லை."

"ஓம். வீட்டுக்குப் போனவுடன வரும் என்ன?"

அந்தக் கேள்வியோடுதான் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த ஏதோ ஒன்று முறிந்தது. படித்த மனிதர். பிள்ளைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தவர். பஸ்ஸில் ஏறினால் சுகம், குசினிக்குள் போனால் வருத்தம் என்றால் அது வேலை செய்யப் பஞ்சிப்படுகிற வருத்தம் என்று அவர் முடிவு செய்துகொண்டார். அவர் சொல்லி ஊருக்கும் தெரிந்தது. சங்கக் கடை வாசலில் நான் கேட்கவே ஒருத்தி சொன்னாள், "வாத்தியாற்ற பெண்சாதிக்கு ஊர் சுத்துற வருத்தமாம். எனக்கும் உது வந்தா நல்லாத்தானிருக்கும்." கூட நின்ற மற்றவள், "உனக்கு வந்தா உன்ர மனுசன் வண்டிலில ஏத்திப் பொலிகண்டியில தாய் வீட்டில கொண்டுபோய் விட்டிட்டு வந்திடுவான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அரிசியை வாங்கிக்கொண்டு வந்தேன். சுவர் பிடிக்காமல் நடந்து காட்டவேண்டும் என்ற வீம்பில் வந்த அந்தத் தூரம் எனக்கு இன்னும் காலில் இருக்கிறது.

அப்போது உன் அப்பாவின் தமக்கை, உன் பெரியமாமி, எங்களோடு இருந்தா. நான் சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றபோது என் உடம்பு மெல்ல அசைந்ததைக் கண்டுவிட்டா. "உது வருத்தமில்லை தம்பி. நாகம் படமெடுத்து ஆடுறமாதிரி நிண்டு ஆடுறாள். நாகதோஷம் எண்டு குழந்தைக்கும் தெரியும்" என்று உன் அப்பாவுக்குச் சொன்னா. நெடுந்தீவு வளவில் புற்றை இடித்தோமா, பாம்பை அடித்தோமா என்று விசாரணை நடந்தது. பிறகு நாகத்துக்கு உரிய நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் என்னை வள்ளத்தில் கொண்டு போனார்கள்.

வள்ளம் துறையை விட்டதும் என் ஆட்டம் அடங்கிவிடும். கடல் ஆடும், நான் அசையாமல் இருப்பேன். "பாத்தியே, அம்மன்ர தண்ணியில இறங்கினவுடன நாகம் தலையைப் பதிச்சிட்டுது" என்று பெரியமாமி பக்கத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் காட்டுவா. முன்பின் தெரியாத பெண்கள் என்னைப் பார்த்துக் கைகூப்பியிருக்கிறார்கள். திரும்பிவந்து கரையில் இறங்கினால் அந்த இரவும் அடுத்தடுத்த நாட்களும் நான் பட்டது ஒருவருக்கும் தெரியாது. வியாழக்கிழமை வரும்போது கொஞ்சம் தணியும். வெள்ளிக்கிழமை திரும்பவும் வள்ளம். கடலால் வந்த வருத்தத்தைக் கடலிலேயே கொண்டுபோய்ப் புதுப்பித்துப் புதுப்பித்துக் கொண்டுவந்தார்கள். அதற்குக் கற்பூரமும் கொளுத்தினார்கள்.

எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஆனால் எனக்குக் கண் இருந்தது. எந்த நாளில் கூடுகிறது, எந்த நாளில் குறைகிறது என்று நானே பார்த்தேன். ஒரு வியாழக்கிழமை உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"நாளைக்கு நான் வரேல்லை."

"எங்கை?"

"வள்ளத்தில. போய் வந்தாத்தான் எனக்குக் கூடுது."

"வள்ளத்தில சுகம் எண்டு நீர்தானே சொன்னனீர்."

"ஓம், வள்ளத்தில சுகம். அதுக்காக நான் வள்ளத்திலயே குடியிருக்க ஏலுமே?"

பெரியமாமி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. "அம்மனிட்டை வரமாட்டன் எண்டு சொல்லுற நாக்கு அவளின்ரை இல்லை. உள்ளுக்கை இருக்கிறது சொல்லுது" என்றா.

"உள்ளுக்கை இருக்கிறது நான்தான் மச்சாள்" என்றேன். அன்றிலிருந்து நான் சமைத்ததை அவ சாப்பிடவில்லை. தனியே ஒரு அடுப்பு மூட்டினா. நான் வள்ளத்தில் கால் வைக்கவில்லை. இழுத்துப் பார்த்தார்கள், அழுது பார்த்தார்கள், என் தாய் தகப்பனைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். அசையவில்லை. இதைப் பிடிவாதம் என்று உன் தகப்பன் சொன்னார், நீயும் சொல்வாய். சொல்லு. அம்மனில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கரையில் நின்று கும்பிட்டாலும் அவவுக்குக் கேட்கும்.

வள்ளத்தை விட்டபிறகு கிழமை கிழமையாக அல்ல, மாதம் மாதமாகக் குறைந்தது. அதற்கிடையில் யாழ்ப்பாணத்தில் வேறு ஒரு டாக்குத்தரிடம், காது பார்க்கிறவரிடம், நானே பஸ் ஏறிப் போனேன். அவர் என்னைக் கண் மூடி நிற்கச் சொன்னார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், காதுக்குள் தண்ணீர் விட்டுப் பார்த்தார். முடிவில், "இதுக்கு என்ன பேர் எண்டு எனக்குத் தெரியாது அம்மா. ஆனா நீங்கள் சொல்லுறது பொய்யில்லை. கப்பலில கனநாள் போய் வாற சில பேருக்கு இப்பிடி நிண்டுவிடும் எண்டு கேள்விப்பட்டிருக்கிறன்" என்றார். அந்த மனிதர் முன்னால் நான் அழுதுவிட்டேன். காதுக்குள் சமநிலை பார்க்கிற உறுப்பு ஒன்று இருக்கிறது, கடல் ஆட ஆட மூளை அதற்கு ஈடு கொடுத்து எதிராட்டம் ஆடப் பழகுகிறது, கரைக்கு வந்ததும் அதை நிறுத்தவேண்டும், சிலருடைய மூளை நிறுத்தத் தெரியாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது, இவ்வளவுதான் தனக்கு விளங்குகிறது என்றார். ஏறினால் ஏன் சுகம் என்று கேட்டேன். "வெளியில ஆட்டம் இருந்தா உள்ளுக்கை ஆடுற ஆட்டம் அதோட பொருந்திப் போகுது" என்றார். கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று சொல்லி ஒரு குளிசை தந்தார். அது அரைவாசி ஆட்டத்தைக் குறைத்தது. அதில் பழகிவிட்டால் விடுவது கஷ்டம் என்று அவரே நிறுத்திவிட்டார். பிறகு வாசிகசாலையில் உடம்பைப் பற்றிய தமிழ்ப் புத்தகங்களை எடுத்து, இங்கிலீஷ் சொல் வந்த இடத்தில் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். அவர் சொன்னதற்கு மேலே ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி என்று விளங்கியது.

நீ பெரிதாக நினைத்துக்கொண்டிருக்கிற நேர்த்தியின் கதை இதுதான். நான் போக மறுத்த பிறகு பெரியமாமி என் பேரில் வெள்ளிக்கிழமைகளில் போய் வந்தா. ஆட்டம் குறைந்தபோது அவ போனதால் குறைந்தது என்று ஊர் சொன்னது, உன் அப்பா சொன்னார், நீயும் அதைத்தான் கேட்டு வளர்ந்தாய். நான் வள்ளத்தை விட்டதால் குறைந்தது என்று நான் சொன்னதை எவரும் காதில் போடவில்லை. வேணுமென்றால் நான் எப்போது வள்ளம் ஏறினேன், எப்போது ஆடினேன் என்று கணக்குப் போட்டுப் பார். பெரியமாமி கடைசிக் காலத்தில் நயினாதீவில் போய் இருந்து அங்கேயே செத்தா. எனக்கு அவவைப் பிடிக்காது. ஆனால் செத்தவீட்டுக்குப் போகாமல் விட மனம் வரவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு வள்ளத்தில் ஏறினேன். போகவும் வரவும் ஒரே நாள். அதோடு திரும்பவும் தொடங்கியது. உன் கலியாணம் அதற்கடுத்த மாதம்.

உன் கலியாணத்தைப் பற்றி இதுவரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்து வரவேற்கத் தகப்பனோடு தாயும் நிற்கவேண்டும். நான் சீலை உடுத்து வெளிக்கிட்டு வந்து நின்றேன். நீ மணவறைக்குப் போகிற வழியில் என்னிடம் வந்து, ஏதோ ஆசீர்வாதம் கேட்கப்போகிறாய் என்று நான் குனிந்தபோது, காதுக்குள் சொன்னாய்: "அம்மா, உள்ளுக்கை போய் இருங்கோ. நிண்டு ஆடுறது வடிவாத் தெரியுது. பொம்பிளை வீட்டுப் பகுதி ஒரு மாதிரிப் பாக்குது." உன் அப்பா அதைக் கேட்டுக்கொண்டு பன்னீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே போய் சாமான் அடுக்கியிருந்த அறையில் ஒரு கதிரையில் இருந்தேன். தாலி கட்டுகிற மேளம் அங்கேயிருந்தும் கேட்டது. அவர் இப்போது இல்லை. இல்லாத மனிதரைப் பற்றிக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அவர் இருக்கும்போதே அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். உனக்குத்தான் இதுவரை சொல்லவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பிள்ளை என்னைத் தேடிக்கொண்டு அந்த அறைக்குள் வந்தாள். கூறைச் சீலையோடு அரிசி மூட்டையில் இருந்தாள். "மாமி, ஏன் நீங்கள் வெளியில வரேல்லை?" என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. நிலம் ஆடுகிறது என்று சொன்னேன். "எப்பிடி ஆடும்?" என்று கேட்டாள். என் வயதுக்கு அந்தக் கேள்வியை, ஒரு டாக்குத்தரைத் தவிர, அப்படி அறிய விரும்பிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அதைத்தான் நீ இப்போது, என்னிடம் கேட்டுப் பழகினாள் என்று எழுதுகிறாய். அவள் பழகவில்லை. தனக்கு வந்தபோது அது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். எனக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இருக்கவில்லை.

இனி என்ன செய்யவேண்டும் என்று கேட்பாய், அல்லது கேட்கமாட்டாய். எப்படியும் எழுதுகிறேன். முதலில் காது பார்க்கிற ஒரு டாக்குத்தரிடம் காட்டு. வேறு வருத்தங்களும் இப்படித் தொடங்கலாம், அவை இல்லை என்று தெரிய வேண்டும். பஸ்ஸில் சுகமாக இருக்கிறாள் என்பதை அவளுக்கு எதிரான சாட்சியாக எடுக்காதே. அந்த வருத்தத்தின் அடையாளமே அதுதான். சுகமாக இருக்கிறதே என்று அடிக்கடி ஏற்றிக்கொண்டு திரியவும் வேண்டாம், இறங்கியதும் கூடும். நாள் முழுக்கப் படுக்க விடாதே, நடக்க விடு. கடற்கரையில் அல்ல, வீதியில், தூரத்தில் நிற்கிற ஒரு மரத்தையோ வீட்டையோ பார்த்துக்கொண்டு நடக்கட்டும். நித்திரை குறைந்தால் ஆட்டம் கூடும். சனக்கூட்டத்திலும் வெளிச்சம் மினுங்குகிற கடைகளிலும் கூடும். மாதத்தில் பெண்களுக்கு வருகிற நாட்களில் கூடும். இதை மகனுக்கு எழுதக் கூச்சப்படுகிற வயது எனக்குக் கடந்துவிட்டது. "இப்ப எப்பிடி, இப்ப எப்பிடி" என்று கேட்டுக்கொண்டு நிற்காதே. எல்லாவற்றையும்விட அவளோடு சண்டை பிடித்தால் கூடும். அதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பெரும்பாலும் நாளாக நாளாகக் குறையும். குறைந்த பிறகு இன்னொரு கப்பல் ஏற்றினால் திரும்பவும் வரலாம், எனக்கு வந்தது. எப்போது போகும் என்று உறுதியாகச் சொல்ல என்னால் ஏலாது. போகாமலும் விடலாம். அப்படியும் ஒரு மனுஷி வாழலாம். பக்கத்தில் இருப்பவர்கள் விட்டால்.

ஆனித் திருவிழாவுக்கு வருவதென்றால் வா. ரயிலில் வந்தாலும் இறங்கிய பிறகு சில நாட்கள் கூடுதலாக ஆடுவாள், அது எனக்குத் தெரியும், பார்த்துக்கொள்வேன். அவளை என்னோடு வேலணையில் விட்டுவிட்டு நீ தனியே வள்ளத்தில் போய்க் கும்பிட்டுவிட்டு வா. தாய் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்றால், அதை அவளுக்கு நல்லதென்று செய்கிறேன் என்று சொல்லாதே. இந்த வருத்தத்தில் நிலம் ஆடுவது பெரிய விஷயம் இல்லை. கட்டிய மனுசன் நம்பாமல் பார்க்கிற பார்வைதான் பெரிது. நான் அதோடு என் வாழ்நாளை முடித்தேன். அவளும் முடிக்கவேண்டாம்.

இன்னும் ஒன்று. நான் இதை உன் கந்தோர் விலாசத்துக்கு அனுப்பவில்லை. வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன், உறையில் அவளுடைய பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். தபால்காரன் வருகிற நேரம் நீ வேலையில் இருப்பாய். மற்றவர் பேருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காத பழக்கத்தை நான் உனக்குச் சின்ன வயதிலேயே பழக்கியிருக்கிறேன். ஆகவே உன் கலியாணத்தன்று நீ என் காதுக்குள் சொன்னது முதல் இங்கே எழுதியிருப்பது எல்லாவற்றையும் அவள் உனக்கு முன்னால் வாசித்திருப்பாள். வள்ளத்தில் ஏறுவதா இல்லையா என்று தீர்மானிக்க அவளுக்கு இப்போது வேண்டியது எல்லாம் தெரியும். இதை உனக்குக் காட்டவேண்டும் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. காட்டாமல் அடுப்பில் போட்டாலும் அது அவள் விருப்பம். நீ இதை வாசித்துக்கொண்டிருக்கிறாய் என்றால் அவளாகவே கொண்டுவந்து உன் கையில் தந்திருக்கிறாள். அப்படியானால் அவளுக்கு உன்னில் இன்னும் நம்பிக்கை மிச்சம் இருக்கிறது. எனக்கு இல்லை.

அம்மா
வேலணை